மூடிய சிப்பியின் மதிப்பு: மன்னார்ப் பார்களில் முன்கணிப்பின் வரலாறு

மன்னார்த் தீவுக்குத் தெற்கே வங்காலை, அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி, மறிச்சுக்கட்டி என்று இறங்கிச் செல்லும் கரைக்கு எதிரே, ஐந்து முதல் பத்துப் பாகம் வரையான ஆழத்தில், மணல் விரிந்த கடலடியில் இடையிடையே கிடக்கும் கற்றிட்டுகள் 'பார்' என்று அழைக்கப்படுகின்றன. நீரில் மிதந்து திரியும் முத்துச்சிப்பியின் இளங்குஞ்சுகள் ஒட்டிக்கொண்டு வளரப் பிடிமானம் தருவன இத்திட்டுகளே. பெரிய பார், சேவல் பார், மோதரகம் பார், வங்காலைப் பார் முதலான பெயர்கள் அரசாங்கப் பதிவேடுகளில் ஏறுவதற்கு நெடுங்காலம் முன்பே குளியாட்களின் வாயில் வழங்கியவை. மன்னாரைப் போர்த்துக்கேயர் 1560இலும் ஒல்லாந்தர் 1658இலும் கைப்பற்றியதற்கும், 1796 முதல் ஆங்கிலேயர் இக்கரையில் காட்டிய அவசரத்துக்கும் இந்தப் பார்கள் தந்த வருமானம் முக்கியமான காரணமாகும். முதல் ஆங்கிலேயத் தேசாதிபதி பிரடெரிக் நோர்த், முத்துக்குளிப்பை நேரில் கண்காணிக்கவென்றே அரிப்பில் ஒரு மாளிகையைக் கட்டுவித்தார். 'அல்லிராணிக் கோட்டை' என்று ஊரார் அழைக்கும் இடிபாடு அதுவே.

முத்துக்குளிப்பின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் குளியாட்களின் துணிவையும், சுறாவைக் கட்டும் மந்திரம் ஓதிய கடல்கட்டியையும், முத்துச் சந்தையின் ஆரவாரத்தையும் விரித்துரைத்திருக்கின்றனர். அவற்றுக்கெல்லாம் முன்னதாக நடந்த ஒரு வேலை அதே அளவு கவனம் பெறவில்லை. குடிநீரும் நிழலும் அரிதான ஒரு கரைக்குக் கீழக்கரை, தொண்டி, தூத்துக்குடி, யாழ்ப்பாணம், பாரசீக வளைகுடா ஆகிய இடங்களிலிருந்து பல்லாயிரம் பேரை வரவழைக்க வேண்டுமானால், இன்ன பாரில் இவ்வளவு சிப்பி உண்டு, அதன் வயது இது, ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு பெறுமதியான முத்துத் தேறும் என்று பல வாரங்களுக்கு முன்னரே அரசாங்கம் அறிவித்தாக வேண்டியிருந்தது. கடலடியில், வாய் மூடிக் கிடக்கும் கோடிக்கணக்கான உயிர்களின் உள்ளே இருப்பதை, அவற்றுள் மிகச் சிலவற்றை மட்டும் திறந்து பார்த்துச் சொல்லுவதே அந்த வேலை. ஆகவே மன்னாரின் முத்துக்குளிப்பு மூச்சடக்கும் தொழிலாக இருந்த அதே அளவுக்கு முன்கணிப்பின் தொழிலாகவும் இருந்தது.

கணிப்பின் முதற்படி பார்களைச் சோதிப்பது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பல்லாண்டுகள் பார்களின் பரிசோதகராக இருந்த கப்டன் ஜேம்ஸ் டொனன் காலத்தில் இது முறைப்பட்ட கடலளவையாகவே வளர்ந்திருந்தது. நங்கூரமிட்ட ஒரு கப்பலை மையமாகக் கொண்டு வட்டம் வட்டமாகத் தோணிகள் சுற்றிவர, குளியாட்கள் இடைவிட்டு மூழ்கிக் கையில் அகப்பட்ட சிப்பிகளைக் கொண்டுவருவர். எத்தனை முறை மூழ்கியதற்கு எத்தனை சிப்பி என்ற கணக்கிலிருந்து பாரின் மொத்தம் மதிப்பிடப்படும். சிப்பியின் வயது மற்றொரு நுட்பமான கேள்வி. நான்காம் ஆண்டுக்கு முன் எடுத்தால் முத்துச் சிறுத்திருக்கும். ஆறாம் ஏழாம் ஆண்டுவரை விட்டுவைத்தால் சிப்பியே மடிந்து முத்தும் மணலோடு போய்விடும். இடைப்பட்ட அந்தக் குறுகிய காலத்தைத் தவறவிடாமல் பிடிக்க வேண்டியிருந்ததால், ஒவ்வோர் ஆண்டின் சோதனையும் வரப்போகும் ஆண்டுகளைப் பற்றிய ஒரு கணிப்பாகவும் அமைந்தது.

இரண்டாம் படி மாதிரியின் மதிப்பு. ஆயிரக்கணக்கில் சிப்பிகளை எடுத்து, அழுகவிட்டு, கழுவி, கிடைத்த முத்துகளைத் தேர்ந்த செட்டிமாரிடம் ஒப்படைப்பர். அவர்கள் 20 முதல் 1000 வரை இலக்கமிட்ட, துளைகள் வரவரச் சிறுத்துச் செல்லும் பித்தளைச் சல்லடைகளில், அதாவது 'பெட்டி'களில், முத்துகளைச் சலித்துப் பருமன்வாரியாகப் பிரிப்பர்; பின்னர் உருண்டை, நிறம், ஒளி ஆகியவற்றைக் கண்ணால் ஆராய்ந்து ஆணி, வடிவு, குறுவல், தூள் முதலான தரங்களில் வைப்பர். உயர்ந்த தரங்களுக்கு விலை எடைக்கு நேர்விகிதத்தில் ஏறுவதில்லை. மஞ்சாடி என்னும் நிறையில் எடுத்த எடையை வர்க்கப்படுத்தி, அதில் முக்காற்பங்கை எடுத்து, முத்துகளின் எண்ணிக்கையால் வகுத்துவரும் 'சவ்வு' என்னும் அளவே விலைக்கு அடிப்படை. எடை இரட்டித்தால் மதிப்பு நான்கு மடங்காகும் என்பதை வாய்பாடாகவே வைத்திருந்த இந்தக் கணக்கு, ஒரு பொருளின் புறத்தே அளக்கக்கூடிய சில பண்புகளை ஒரு சூத்திரத்தில் இணைத்து அதன் பெறுமதியைச் சொல்லும் முறையாகும். இக்காலப் புள்ளியியலார் 'பண்புக்கூறு' என்று குறிப்பிடுவது இத்தகைய பண்புகளைத்தான்.

இந்தச் சூத்திரத்துக்கு உள்ளேயே ஓர் ஆபத்தும் இருந்தது. மதிப்பு எடையின் வர்க்கத்தோடு ஏறுவதால், ஒரு மாதிரியின் மொத்த மதிப்பில் பெரும்பங்கு அதில் அகப்பட்ட இரண்டொரு பெரிய முத்துகளிலேயே தங்கிவிடும். அத்தகைய முத்து ஒன்று தற்செயலாக மாதிரியில் விழுந்தால் முழுப் பாரும் செல்வம் கொழிப்பதாகத் தோன்றும்; விழாவிட்டால் நல்ல பாரும் வறியதாகத் தோன்றும். பெரும்பாலான சிப்பிகளில் விலைபோகும் முத்து எதுவும் இராது என்பதையும் இதனுடன் சேர்த்துக் கருத வேண்டும். எந்தச் சிப்பியைக் காட்டினாலும் 'இதில் முத்தில்லை' என்றே சொல்லிவரும் ஒருவர் மிகப் பெரும்பாலும் சரியாகவே சொல்லியிருப்பார்; ஆயினும் அவருடைய சொல்லால் எவருக்கும் பயனில்லை. அரிதானதைத் தேடும் எந்தக் கணிப்பையும், அது எத்தனை முறை சரியாகச் சொன்னது என்பதை மட்டும் கொண்டு அளக்க முடியாது என்ற உண்மை இங்கே வெளிப்படையாகத் தெரிகிறது.

கணிப்பின் மூன்றாம் படி சந்தையிலேயே நடந்தது. கரை சேரும் தோணிகளின் சிப்பிகள் 'கொட்டு' எனப்படும் வேலியடைத்த முற்றத்தில் எண்ணப்பட்டு, பிற்காலத்து வழக்கப்படி மூன்றில் ஒரு பங்கு குளியாட்களுக்கும் மீதி அரசாங்கத்துக்கும் ஒதுக்கப்பட்டன. அரசாங்கப் பங்கு அன்றன்றே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடப்பட்டது. வாங்கும் வியாபாரி மூடிய சிப்பிகளையே வாங்கினார். முந்திய நாளில் வாங்கியவர்களின் கழுவலில் என்ன தேறியது என்ற செய்தி பரவப் பரவ அன்றைய விலை ஏறியும் இறங்கியும் மாறியது. இங்கு விலை தனிச் சிப்பிக்கு உரியதன்று, ஆயிரத்துக்கு உரியது என்பது கவனத்துக்குரியது. எந்தச் சிப்பியிலிருந்து எந்த முத்து வந்தது என்பது அழுகிய குவியலுக்குள் மறைந்துபோக, குவியலைப் பற்றிய அறிவு மட்டுமே எஞ்சியது.

இவ்வளவு கவனமாக வகுத்த முறையும் பலமுறை பொய்த்தது. கடல்துறை அதிகாரியும் பார்களின் பரிசோதகருமாக இருந்த கப்டன் ஜேம்ஸ் ஸ்டுவர்ட் இத்தொழில் பற்றி 1843இல் நூல் வெளியிட்ட காலத்திலேயே, சிப்பிகள் நிறைந்திருந்த பார் அடுத்த சோதனையில் வெறுமையாகக் கிடப்பது பழகிய அனுபவமாகியிருந்தது. இலங்கையில் பிறந்த மருத்துவரும் இயற்கையியலாளருமான ஈ. எப். கெலார்ட் 1857 முதல் சிப்பியின் வாழ்க்கையை ஆராய்ந்து, முத்து உண்டாவதில் ஒட்டுண்ணிப் புழுக்களுக்குப் பங்கிருக்கலாம் என்ற கருத்தை முன்வைத்தார். 1860இல் அவர் மறைந்ததோடு அப்பணி தளர்ந்தது. 1891இன் முத்துக்குளிப்புக்குப் பின் 1903 வரை ஒன்றுமே நடக்கவில்லை. திறந்த கடலின் விளிம்பில் கிடக்கும் பெரிய பாரில் இளங்குஞ்சுகள் திரும்பத் திரும்ப வந்து குவிவதும், அறிக்கைகளில் நம்பிக்கை தலைதூக்குவதும், தென்மேற்குப் பருவக்காற்றின் அலைவீச்சில் அவை அடித்துச் செல்லப்படுவதும் அந்நூற்றாண்டின் இறுதியில் ஒரு வாடிக்கையாகிவிட்டது. எண்ணிக்கை சரியாகவே எடுக்கப்பட்டிருந்தது. எண்ணியதற்கும் அறுவடைக்கும் இடைப்பட்ட காலத்தில் கடல் என்ன செய்யும் என்பதே கணக்கில் சேராமல் நின்றது.

இந்த வறட்சியின் காரணத்தை அறிய லிவர்பூல் பேராசிரியர் டபிள்யூ. ஏ. ஹெர்ட்மன் 1902 ஜனவரியில் இலங்கைக்கு வந்து, தம் உதவியாளர் ஜேம்ஸ் ஹோர்னெலுடன் 'லேடி ஹவ்லொக்' என்ற நீராவிக் கப்பலில் பார்களை ஆராய்ந்தார். அவர்களுடைய அறிக்கை 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகளாக இலண்டன் றோயல் கழகத்தால் வெளியிடப்பட்டது. மன்னார் வளைகுடாவின் கடற்பஞ்சு, பவளம், மீன், புழு ஆகியவற்றைப் பற்றி இன்றும் நாடப்படும் களஞ்சியம் அது. அந்த ஆய்வுக்காலம் செல்வம் கொழித்த காலமாகவும் அமைந்தது. 1903 முதல் ஆண்டுதோறும் முத்துக்குளிப்பு நடந்தது. 1905இல் மறிச்சுக்கட்டியில் சுமார் 5000 குளியாட்கள் மூழ்கி 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகளை எடுக்க, அரசாங்கத்துக்குச் சுமார் 25 லட்சம் ரூபாய் கிடைத்தது. அந்த ஆண்டுகளின் வரவை வருங்காலத்துக்கும் நீட்டிப் பார்த்த முதலீட்டாளர் ஒரு நிறுவனம் அமைத்து, ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் வீதம் 20 ஆண்டுகளுக்கு 1906 முதல் பார்களைக் குத்தகைக்கு எடுத்தனர். 1907க்குப் பின் பார்கள் மீண்டும் வெறுமையாயின. 1912இல் நிறுவனம் கலைக்கப்பட்டது. அடுத்த முத்துக்குளிப்புக்கு 1925 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மூன்று செழிப்பான ஆண்டுகளை மட்டும் கற்றுக்கொண்டு, அதற்கு முந்திய பதினோர் ஆண்டு வறட்சியை விதிவிலக்காக ஒதுக்கிய ஒரு கணிப்புக்கு நேர்ந்த முடிவு அது.

எங்கே முத்து இருக்கும் என்ற கேள்விக்குள் ஏன் முத்து உண்டாகிறது என்ற கேள்வி பொதிந்திருந்தது. ஹெர்ட்மனும் ஹோர்னெலும் கெலார்டின் வழியில் சென்று, திருக்கை மீன்களின் குடலில் முதிரும் ஒரு நாடாப்புழுவின் இளநிலையே சிப்பிக்குள் நுழைந்து முத்துக்குக் கருவாகிறது என்று கருதினர். சிப்பிகளில் அப்புழு ஏராளமாகக் காணப்பட்டதும், அதே கடலில் திருக்கைகள் சிப்பியைத் தின்று வாழ்ந்ததும் இக்கருத்துக்கு வலுச்சேர்த்தன. ஆனால் எச். லிஸ்டர் ஜேம்சன் 1912இல் இலங்கை முத்துகளை அறுத்து ஆராய்ந்தபோது, அவற்றின் மையத்தில் பெரும்பாலும் புழு இல்லை. ஓடு சிதைந்தால் அதைச் சீராக்கச் சிப்பி சுரக்கும் பொருளே இருந்தது. புழு நிறைந்த சிப்பியும் முத்துள்ள சிப்பியும் ஒரே பாரில் சேர்ந்து காணப்பட்டன என்பதிலிருந்து ஒன்று மற்றொன்றின் காரணம் என்ற முடிவுக்குப் பாய்ந்துவிட்டதே பிழை. சேர்ந்து நிகழ்வதை மிகுந்த திறமையோடு கண்டுபிடிக்கும் கருவிகள் பெருகியுள்ள இந்நாளில் இந்தச் சிறு வரலாறு மறக்கத்தக்கதன்று.

பின்வந்த ஆய்வு புழுவை விட்டு உயிரணுவுக்கு நகர்ந்தது. சிப்பியின் ஓட்டைச் சுரப்பது அதன் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் மேலுறைத் திசு. அதன் உயிரணுக்கள் இடம்பெயர்ந்து உடலுக்குள் ஒரு பையாக மூடிக்கொண்டால், அப்பைக்குள் சுரப்பது முத்தாக உருள்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யப்பானியர் இதை அறிந்து திசுத்துண்டை ஒட்டவைத்து முத்து வளர்க்கக் கற்றனர். மன்னார் வளைகுடாவின் மறுகரையில், தூத்துக்குடிக்கு அருகே வேப்பலோடையில், இந்திய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த கே. அழகர்சாமி 1973இல் அதே இனச் சிப்பியில் வளர்ப்பு முத்தை உண்டாக்கிக் காட்டினார். மேலுறை உயிரணு எந்த இடத்தில் எந்தப் புரதத்தை எவ்வளவு சுரக்கும் என்பது மரபுச் செய்தி வழியே தீர்மானமாகிறது. டி.என்.ஏ. என்னும் மரபுப் பொருளில் எழுதப்பட்ட கட்டளை ஆர்.என்.ஏ. என்னும் ஒற்றையிழைப் படியாக எடுக்கப்பட்டு, அப்படியிலிருந்தே புரதம் உருவாகிறது. யப்பானிய ஆய்வாளர் 2012இல் முத்துச்சிப்பியின் மரபுத்தொகுதியின் முதல் வரைவை வெளியிட்டபின், முத்தின் கேள்வி இந்த ஆர்.என்.ஏ. படிகளைப் பற்றிய கேள்வியாகவும் மாறியது.

ஆர்.என்.ஏ. நான்கு எழுத்துகளால் ஆனது என்பது பாடநூல் வழக்கு: அடினின், யுரசில், குவனின், சைற்றோசின் என்ற நான்கு காரங்களைத் தாங்கிய அலகுகள் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கும். ஆனால் உயிரணு அவற்றை எழுதிய பின்னர்ச் சில எழுத்துகளில் ஒரு மெதைல் கூட்டத்தைச் சேர்த்தும், பிணைப்பைத் திருப்பியும் வேதிமாற்றம் செய்கிறது. 1951இல் நான்கில் எதனோடும் பொருந்தாத ஐந்தாவது அலகு ஒன்றின் அடையாளம் தென்பட்டது. பின்னர் 'சூடோயூரிடின்' என்று பெயர் பெற்ற அதனைத் தொடர்ந்து, இன்று அறியப்பட்ட வேதிமாற்ற வகைகள் 170ஐத் தாண்டிவிட்டன. 1965இல் ரொபேர்ட் ஹொலி முதன்முதலாக, புரத உருவாக்கத்தில் பங்குகொள்ளும் ஒரு கடத்தி ஆர்.என்.ஏ.வின் எழுத்துவரிசையை வாசித்தபோது, அதில் பல எழுத்துகள் மாறியவையாக இருந்தன. அந்த ஆர்.என்.ஏ.வில் ஒரு கிராமைப் பிரித்தெடுக்க அவர் 140 கிலோகிராம் ஈஸ்டைக் கரைக்க வேண்டியிருந்தது. குவியலை அழித்துச் சிட்டிகையைப் பெறும் மறிச்சுக்கட்டியின் முறையே வேதியியல்கூடத்திலும் வேறு வழியின்றிக் கையாளப்பட்டது.

இம்மாற்றங்களால் விளையும் பயன் சிறிதன்று. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி இராமகிருஷ்ணனின் ஆய்வுக்குழு, கடத்தி ஆர்.என்.ஏ.வில் உள்ள மாற்றங்கள் எவ்வாறு செய்தியைச் சரியாக வாசிக்க உதவுகின்றன என்பதை 2004இலும் அதன் பின்னரும் அணுவமைப்பு மட்டத்தில் காட்டியது. சூடோயூரிடினுக்கு நெருங்கிய ஒரு மாற்று எழுத்தே, 2021 முதல் இலங்கையிலும் இடப்பட்ட பைசர் தடுப்பூசியின் ஆர்.என்.ஏ.வை உடல் அந்நியமென்று தாக்காமல் ஏற்கச் செய்தது. அதற்கு வழிதிறந்த கட்டாலின் கரிக்கோ, ட்ரூ வைஸ்மன் இருவருக்கும் 2023இன் நோபல் பரிசு கிடைத்தது.

எனினும் இந்த மாற்றங்கள் எங்கே உள்ளன என்று காண்பது கடினம். வழக்கமான வாசிப்பு முறையில் ஆர்.என்.ஏ. முதலில் டி.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படுகிறது, அந்தப் படியில் பெரும்பாலான வேதிமாற்றங்கள் தடமின்றி மறைந்து, சாதாரண எழுத்தும் மாறிய எழுத்தும் ஒன்றாகவே தெரியும். புரதச் செய்தி தாங்கும் ஆர்.என்.ஏ.வில் மிகப் பரவலான மாற்றம், அடினினின் ஆறாம் இடத்தில் மெதைல் சேர்வது. 1974இல் கண்டறியப்பட்ட அதன் இடங்களை 2012இல்தான் எதிர்ப்புரதத்தைத் தூண்டிலாகக் கொண்டு மரபுத்தொகுதி முழுவதும் வரைபடமாக்க முடிந்தது. அவ்வரைபடமும் நூறு இருநூறு எழுத்து நீளமுள்ள துண்டைத்தான் சுட்டியது; அதற்குள் எந்த அடினின் என்று சொல்லவில்லை. மெதைல் ஏறும் அடினின் பெரும்பாலும் ஐந்தெழுத்துக் கோலம் ஒன்றின் நடுவில் நிற்கும் என்பது தெரிந்திருந்தது; ஆனால் அக்கோலம் அமைந்த இடங்களில் பெரும்பாலானவை வெறுமையாகவே இருக்கின்றன. ஓடு இருக்கும் இடமெல்லாம் முத்து இருப்பதில்லை என்ற பழைய சிக்கலே மூலக்கூறின் அளவில் மீண்டும் எழுந்தது.

இங்கேதான் இயந்திரக் கற்றல் நுழைந்தது. விதியை மனிதர் எழுதிக் கொடுப்பதற்குப் பதிலாக, விடை தெரிந்த எடுத்துக்காட்டுகளைக் கணினிக்குக் கொடுத்து, அவற்றைப் பிரித்தறியும் கணக்கைத் தானே வகுக்கச் செய்வது அம்முறை. 2015, 2016 ஆண்டுகளில் வெளிவந்த முதல் கருவிகள், ஓர் அடினினைச் சுற்றியுள்ள எழுத்துகளையும் இழை மடியும் வடிவத்தையும் பண்புக்கூறுகளாகக் கொண்டு, அது மெதைல் ஏறியதா இல்லையா என்று சொல்லின. எடுத்துக்காட்டுகளைத் தொகுத்த முறையிலேயே சில கருவிகள் சறுக்கின. மாறிய இடங்களையும் மாறாத இடங்களையும் சமமாக எடுத்துப் பயிற்றிய கணக்கு, மாறாதவை பெருவாரியாக உள்ள இயற்கையில் இறங்கும்போது, இல்லாத இடங்களையும் இருப்பதாகச் சொல்லத் தொடங்கும். ஒன்றுக்கொன்று ஒத்த வரிசைகள் பயிற்சியிலும் சோதனையிலும் கலந்துவிட்டால், மனப்பாடம் திறமையாகத் தோன்றும்.

2018இல் விளக்கப்பட்ட நேரடி வாசிப்பு முறை நிலைமையை மாற்றியது. புரதத்தாலான ஒரு நுண்துளை வழியாக ஆர்.என்.ஏ. இழையையே செலுத்தி, அது கடக்கும்போது மின்னோட்டம் அசையும் விதத்தை அளப்பது அம்முறை. படியெடுத்தல் இல்லாததால் மாறிய எழுத்து தன் சாயலை மின்னோட்டத்தில் விட்டுச் செல்கிறது. அந்தச் சாயல் மெல்லியது, ஒரே நேரத்தில் ஏறத்தாழ ஐந்து எழுத்துகள் மின்னோட்டத்தைப் பாதிப்பதால் குழம்பியதும்கூட. சிங்கப்பூரின் மரபுத்தொகுதி நிலையத்து ஆய்வாளர் 2022இல் வெளியிட்ட 'எம்6ஏநெட்' என்னும் கருவி இதை ஒரு நுட்பமான வழியில் அணுகியது. ஓர் இடத்தைக் கடந்த பல இழைகளுள் எது மெதைல் ஏறியது என்று எவருக்கும் தெரியாது. அந்த இடத்தைப் பற்றிய பொதுவான விடை மட்டுமே தெரியும். ஆகவே இழைகளை ஒரு பொதியாக எடுத்து, பொதியின் விடையிலிருந்து ஒவ்வோர் இழையின் நிலையையும் கணக்கு கற்றுக்கொள்ள விடப்பட்டது. ஆயிரத்தின் விலையறிந்து சிப்பியை மதிக்க முயன்ற மறிச்சுக்கட்டி வியாபாரியின் முன்னிருந்த கணிதச் சிக்கலும் இதுவே. அவருக்கு இல்லாத கணக்கீட்டு வலிமை இப்போது இருக்கிறது என்பதே வேறுபாடு.

வலிமை கூடியபோதும் பெரிய பாரின் சிக்கல் தீரவில்லை. 2023இல் நேரடி வாசிப்புக்கான வேதிப்பொருள்களும் துளையும் புதுப்பிக்கப்பட்டபோது, மின்னோட்டத்தின் சாயலே மாறிவிட, பழைய சாயலில் கற்ற கணக்குகளைப் புதிதாகப் பயிற்ற வேண்டியதாயிற்று. கருவிகளுக்குக் கற்பிக்கும் எடுத்துக்காட்டுகளும் பெரும்பாலும் மனிதர், சுண்டெலி, ஈஸ்ட் போன்ற சில உயிர்களிலிருந்தே வந்தவை. ஈரோட்டுடலிகளின் பங்கு மிகச் சொற்பம். அவற்றைக் கொண்டு மன்னார்ச் சிப்பியின் மேலுறைத் திசுவில் எந்த எழுத்து மாறியிருக்கிறது என்று சொல்லுவது, ஒரு பாரின் மாதிரியைப் பார்த்து இன்னொரு பாரின் விலையை அறிவிப்பதற்கு ஒப்பாகும்.

அந்த விடையை நம்பத்தக்கதாக்க வேண்டிய சோதனைகள் தெளிவானவை. சிப்பியின் ஆர்.என்.ஏ.வை நேரடியாக வாசிப்பதோடு, அதே வரிசையை எந்த மாற்றமும் இல்லாமல் ஆய்வுக்கூடத்தில் செய்து பக்கத்தில் வைத்து வாசிக்க வேண்டும். கருவி தரும் விடைகளின் மொத்தத்தை, இடத்தைச் சொல்லாவிட்டாலும் அளவைத் துல்லியமாகச் சொல்லும் நிறை நிறமாலைமானியின் கணக்கோடு ஒப்பிட வேண்டும். சேவல் பாரின் சிப்பியில் கற்றது பெரிய பாரின் சிப்பியிலும், மறுகரையின் தூத்துக்குடிச் சிப்பியிலும் பொருந்துகிறதா என்பதைத் தனித்தனியே பார்க்க வேண்டும். பரிசோதகரின் மதிப்பீடு சரியா பிழையா என்பது ஒவ்வொரு மாலையும் கொட்டில் எல்லோர் முன்னிலையிலும் எண்ணப்பட்டுத் தெரிந்தது. அத்தகைய எண்ணிக்கையுடன் சேர்த்து வெளியிடப்படும் கணிப்பே இக்கரையின் சிப்பியைப் பற்றிய அறிவாகக் கொள்ளத்தக்கது.